குணலட்சுமி திறந்த யன்னல்கள்

உரும்பிராயில் குணலட்சுமியின் வீட்டு முன்னறை யன்னல் மூன்று மாரியாக இறுகிக் கிடந்தது. முதல் மாரியில் தோளைக் கொடுத்துத் தள்ளினால் முனகிக்கொண்டு திறந்தது. இரண்டாம் மாரியில் புருசன் பஞ்சலிங்கம் வெளியே நின்று இழுக்க, அவள் உள்ளே நின்று கம்பிகளுக்கூடாகத் தள்ள, ஒருவழியாக வந்தது. மூன்றாம் மாரியில் இருவருமே விட்டுவிட்டார்கள்.

"வேப்பம்பலகை எல்லே, தண்ணி குடிச்சிட்டுது. வெயில் எறிக்கத் தானாய் விடும்," என்றார் பஞ்சலிங்கம். வெங்காயத் தறையும் வாழைத் தோட்டமும் அவருடைய உலகம். யன்னல் என்பது அவர் கண்ணில் படாத ஒரு சாமான். வெயில் எறித்தது. யன்னல் விடவில்லை. அதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது.

அது தொண்ணூறாம் ஆண்டு மார்கழி. குண்டு போடப் பொம்மர் விமானங்கள் வருகிற காலம். இரைச்சல் கேட்டால் யன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு பங்கர்க் குழிக்குள் இறங்கவேண்டும் என்பது அந்நேரம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பூட்டிய யன்னலில் குண்டின் அதிர்வு மோதினால் கண்ணாடி கத்தியாகப் பறக்கும். திறந்திருந்தால் காற்று வந்த வழியே போய்விடும்.

அன்று காலை பத்து மணியிருக்கும். இரைச்சல் கேட்டதும் பஞ்சலிங்கம் தோட்டத்திலிருந்து ஓடிவந்து பங்கர் வாசலில் நின்று கூப்பிட்டார். குணலட்சுமி மற்ற யன்னல்களைத் திறந்துவிட்டு முன்னறைக்கு ஓடினாள். கம்பிகளுக்கூடாக இரண்டு கையையும் விட்டுத் தள்ளினாள். அசையவில்லை.

"விட்டிட்டு வாவன்!" என்று அவர் கத்துவது கேட்டது.

"ஒரு தள்ளு..." என்று சொல்லி முடிக்கவில்லை. குண்டு பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள் விழுந்தது.

பெரியாஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தாள். வலது கண் தப்பியது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஒரே மகன் ஜேர்மனியில். அவனுக்குக் கடிதம் எழுதும்போது, "அம்மாவுக்குக் கண்ணில் ஒரு சின்னக் காயம்" என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று அவள் முதலில் பார்த்தது முன்னறை யன்னலைத்தான். பஞ்சலிங்கம் அதைப் பலகை அடித்து மூடியிருந்தார். குசினிக்குப் போனாள். குண்டின் அதிர்வில் சுவர் ஓரிடத்தில் வெடித்து, நிலை சரிந்து, மழைக்காகப் பூட்டியதோடு அந்த யன்னலும் இப்போது இறுகியிருந்தது. படுக்கையறையில் இரண்டு. அவையும் அப்படியே. வீடு முழுதும் ஒரே இருட்டு.

"ஏன் எல்லாம் பூட்டிக் கிடக்கு?"

"திறக்க ஏலாது. நான் தள்ளிப் பாத்தனான்."

"ஆசாரி பொன்னம்பலத்தாரைக் கூப்பிடேல்லையே?"

"அந்தாளுக்குச் சவப்பெட்டி அடிக்கவே நேரம் காணாது. ஆர் யன்னலுக்கு வாறது?" என்று சொன்னார் பஞ்சலிங்கம். மூன்று மாரியாக 'வெயில் எறிக்கட்டும்' என்று சொன்ன வாய். ஆஸ்பத்திரியிலும் அழுதார், பஸ்ஸிலும் அழுதார், இப்போது குசினி வாசலில் நின்றும் அழுதார்.

குணலட்சுமிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "இஞ்சேருங்கோ," என்றாள். "நீங்கள் அழுது என்ரை கண் வராது. ஏணியைக் கொண்டு வாங்கோ."

வேலை தெரிந்து தொடங்கியவள் அல்ல அவள். ஒரு கண்ணால் பார்த்தால் கை எட்டுகிற தூரமே பிழையாய்ப் போகும். ஆணியைப் பிடித்தால் சுத்தியல் விரலில் விழுந்தது. தேத்தண்ணியை ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போனது. ஆனால் யன்னலுக்குக் கண்ணைவிடக் கைதான் வேண்டும் என்பது முதல்நாளே அவளுக்குப் பிடிபட்டது. கதவின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு போனால், எந்த இடத்தில் பெயின்ற் தடித்திருக்கிறது, எங்கே பலகை ஊதியிருக்கிறது என்று கையே சொன்னது. மகன் பிறந்ததற்கு ஒரு பூச்சு, கோயில் திருவிழாவுக்கு ஒரு பூச்சு, மகன் ஏஜென்சிக்காரனோடு ஜேர்மனிக்குப் போன வருசம் ஒரு பூச்சு. பச்சைக்கு மேல் பச்சையாக எட்டுப் பூச்சு இருக்கும்.

குசினி யன்னல் கதவைப் பிணைச்சல் கீலோடு கழற்றி, அடுப்புக்கரியை நுணுக்கி நிலையின் உட்புறத்தில் தேய்த்தாள். கதவைத் திரும்பப் பொருத்தி, பூட்டித் திறந்து பார்த்தாள். கதவில் எந்த இடத்தில் கரி ஒட்டியிருந்ததோ அந்த இடம்தான் உரஞ்சுகிறது. அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தோசைக்கல்லில் எந்த இடம் ஒட்டுகிறது என்று இருபது வருசமாகப் பார்த்தவளுக்கு இது பெரிய வித்தையா?

ஆனால் எடுப்பதற்கு ஆயுதம் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரு மொட்டைக் கத்தி. அது பெயின்றைக் கீறியதே தவிரச் சீவவில்லை. குசினிக்குப் பின்னால் பஞ்சலிங்கம் உடைந்த கண்ணாடியையெல்லாம் கூட்டி ஒரு கடகத்தில் போட்டு வைத்திருந்தார். வந்த நாளிலிருந்து குணலட்சுமி அந்தப் பக்கம் போகவேயில்லை. அன்று போனாள். கடகத்துக்கு முன்னால் குந்தியிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இருப்பதில் நீளமான துண்டைத் தெரிந்து எடுத்து, ஒரு பக்கத்தில் சீலைத் துணியைச் சுற்றினாள்.

"ஐயோ, உதைத் தொடாதை!" என்றார் பஞ்சலிங்கம்.

"என்ரை கண்ணை எடுத்ததுதானே? இனி எனக்கு வேலை செய்யட்டும்."

கண்ணாடியின் விளிம்பு பெயின்றைத் தோலுரிப்பதுபோல் உரித்தது. அதன் கீழே பலகை மெல்லிய சுருளாகக் கழன்று வந்தது. பிணைச்சல் ஆணிகள் தளர்ந்த ஓட்டைகளுக்குள் தென்னை ஈர்க்கை முறித்து இறுக்கிவிட்டு மறுபடி முறுக்கினாள். சொரசொரப்பான பராய் இலையால் உரஞ்சி வழுவழுப்பாக்கினாள். நான்காம் நாள் குசினி யன்னல் ஒரு விரலால் தள்ளத் திறந்தது. அவள் அதைப் பூட்டினாள். திறந்தாள். பூட்டினாள். பஞ்சலிங்கம் வெங்காயத் தறையிலிருந்து நிமிர்ந்து பார்க்குமட்டும் அதைச் செய்துகொண்டே நின்றாள்.

கடைசியாகத்தான் முன்னறை யன்னலுக்குப் போனாள். அடித்திருந்த பலகைகளை இரும்பு அலவாங்கால் தானே கிளப்பினாள். கண்ணாடி இல்லாத கதவு. அதையும் சீவி, மாட்டி, அகலத் திறந்து வைத்தாள். வாழைத் தோட்டத்தில் குண்டு விழுந்த பள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் நிற்பது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்று ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தாள்.

பக்கத்து வளவில், கொழும்பில் இருக்கிறவர்களின் வீடு ஒன்றில், கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த நான்கு குடும்பங்கள் இருந்தன. அதில் மக்டலீன் என்றொருத்தி, வலை முடிகிற கை, உரத்த குரல். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்கடை யன்னல் திறந்து கிடக்கு. ஆரைப் பிடிச்சுச் செய்வித்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை. நான்தான்."

"அப்ப எங்கடையையும் ஒருக்காப் பாருங்கோவன். பத்தொன்பது சனம் உள்ளுக்கை கிடந்து அவியிறம். ஒண்டும் அசையுதில்லை."

குணலட்சுமி போனாள். பத்து வருசமாகப் பூட்டிக் கிடந்த வீடு, ஏழு யன்னல். இரண்டு பெண்களுமாக ஒரு கிழமை மினக்கெட்டார்கள். திறந்த கதவு வழுக்கி ஓட ஏதாவது பூசவேண்டும். சவர்க்காரம் உடுப்புக்கே இல்லை. மெழுகுதிரி, அரசாங்கம் குடாநாட்டுக்குள் வரவிடாத சாமான்களில் ஒன்று. மக்டலீன் தன் சூட்கேசின் அடியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து வந்தாள். "எங்கடை கோயில் மாதாவுக்கு முன்னாலை எரிஞ்சது. வெளிக்கிடேக்கை எடுத்துக்கொண்டு வந்தனான்."

"வேண்டாம் பிள்ளை. வைச்சிரு."

"மாதாவும் காத்து வரட்டுமெண்டுதான் சொல்லுவா. பூசுங்கோ."

அந்தத் துண்டு ஏழு யன்னலுக்கும் வந்தது.

இதற்குப் பிறகு ஊரில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். தோளில் ஒரு சாக்குப் பை, அதற்குள் கரி, ஈர்க்குக் கட்டு, கண்ணாடித் துண்டு, பழைய ஸ்குறூ ட்றைவர் ஒன்று. சைக்கிளில் அவள் போவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். தச்சு வேலை செய்யிற பொம்பிளை என்றார்கள். வேளாளப் பெண்ணுக்கு இது என்ன கேடு என்றும் சொன்னார்கள். விடியற்காலையில் வெளிக்கிடுகிறவர்கள் அவளைக் கண்டால் திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார்கள். ஒற்றைக்கண்ணி எதிரே வந்தால் முழிவியளமென்ற சகுனம் கெட்டுப்போகுமாம். போகிற காரியம் உருப்படாதாம். குணலட்சுமி இதைக் கண்டுகொண்டாள். கண்டுகொண்ட நாளிலிருந்து இன்னும் அரைமணி நேரம் முந்தியே புறப்படத் தொடங்கினாள்.

"கனபேருக்குத் தண்ணி விடாய்க்கட்டும்," என்று பஞ்சலிங்கத்திடம் சொன்னாள்.

பொன்னம்பலம் ஆசாரி ஒருநாள் சந்தியில் அவளை மறித்தார். தொழில்காரன், கோபம் நியாயமானது. "அக்கா, மாரியிலை சீவினால் கோடையிலை பலகை சுருங்கி இடைவெளி விழும். வேலை தெரியாமல் சனத்தின்ரை யன்னலைப் பழுதாக்காதேங்கோ."

"இடைவெளியாலை காத்து வரட்டும் ஆசாரியார். கண்ணாடி பறக்காமல் இருந்தால் காணும்."

"மட்டம் பாக்கவும் தெரியவேணும். ஒற்றைக் கண்ணாலை என்னெண்டு பாப்பியள்?"

"நீங்கள் மட்டம் பாக்கேக்கை ஒரு கண்ணை மூடுறியளோ இல்லையோ? எனக்கு அந்த வேலை மிச்சம்."

 ஆசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அவர் கண்கள் களைத்திருந்ததையும் அவள் பார்த்தாள். அந்தக் கிழமை மட்டும் பதினாலு பெட்டி அடித்திருந்தார். "சரி, செய்யுங்கோ. நான் உயிரோடை இருக்கிறவைக்கு வேலை செய்து கனகாலம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய சண்டை குடும்பத்துக்குள்தான் வந்தது. பஞ்சலிங்கத்தின் தமையன் அருளம்பலம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஊரில் மதிப்பான மனிசன். தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஆவணியில் அவருடைய மகள் தவமலருக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்த பிறகு தம்பியிடம் வந்து, முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "குறை நினைக்காதை. கலியாணத்துக்கு நீ வா. அவள் பின்னேரம் வந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும். தாலி கட்டுற நேரம் முன்னுக்கு நிக்கவேண்டாம்."

பஞ்சலிங்கம் வாயைத் திறக்க முதல் குணலட்சுமி வெளியே வந்தாள். தூக்கி வளர்த்த பிள்ளை தவமலர்.  நேரே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியத்தான், நான் பின்னேரமும் வரேல்லை. சோறு எங்கடை வீட்டிலையும் இருக்கு."



கலியாணத்துக்கு முதல்நாள் மக்டலீன் ஒரு செய்தி கொண்டு வந்தாள். அவள் கலியாண வீட்டுக்கு மரக்கறி வெட்டப் போய் வந்திருந்தாள். "அக்கா, அங்கை எல்லா யன்னலுக்கும் புதுசாய் பெயின்ற் அடிச்சிருக்கு. பூட்டி வைச்சுக்கொண்டு அடிச்சவங்கள் போலை. அப்பிடியே ஒட்டிப்போச்சு. ஒண்டையும் திறக்க ஏலாது. நாளைக்கு இருநூறு சனம் உள்ளுக்கை இருக்கப்போகுது."

குணலட்சுமி கையிலிருந்த சுளகை வைத்தாள். பையைத் தோளில் போட்டாள். பஞ்சலிங்கம் படலையடியில் மறித்தார். "வேண்டாமப்பா. அண்ணை சொன்னதுக்குப் பிறகும் ஏன் அங்கை போறாய்?"

"உங்கடை அண்ணைக்காகவே போறன்? விலகுங்கோ."

அவர் விலகினார். விலகியதோடு நிற்காமல் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கலியாண வீட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.  அவளைக் கண்டதும் அருளம்பலம் வேகமாக வந்தார்.

"நான் என்ன சொன்னனான்?"

"கலியாணத்துக்கு வரவேண்டாமெண்டு சொன்னனீங்கள். நான் கலியாணத்துக்கு வரேல்லை. யன்னலுக்கு வந்தனான்."

"யன்னலுக்கு ஒண்டுமில்லை! எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த பெயின்ற் தெரியுமே? ஒரு கீறல் விழுந்தாலும்..."

"பெயின்றிலை கீறல் விழுந்தால் பிறகு பூசலாம் பெரியத்தான்." அவள் நெற்றியில் இறங்கியிருந்த முந்தானையை விலக்கி, குழி விழுந்த இடத்தை அவருக்குக் காட்டினாள். ஊரில் யாருக்கும் அவள் அதுவரை அப்படிக் காட்டியதில்லை. "இதைப் பூச ஏலுமே? நாளைக்கு உள்ளுக்கை இருக்கப்போறது எங்கடை பிள்ளை. நான் திறந்துபோட்டுத்தான் போவன். மறிக்கிறதெண்டால் இந்தச் சனத்துக்கு முன்னாலை என்ரை கையைப் பிடிச்சு மறியுங்கோ."

 குசினிப் பக்கமிருந்து அருளம்பலத்தின் மனைவி பத்மாவதி, மஞ்சள் கையோடு வந்தாள். இருபத்தைந்து வருசத்தில் புருசனுக்கு எதிராக ஒரு சொல் சொன்னதாக யாரும் கேட்டதில்லை. "குணம், உள்ளுக்கை வா. முதல் சனம் இருக்கப்போற சாலை யன்னலைப் பார்," என்றாள். பிறகு புருசனிடம், "நீங்கள் போய்ப் பந்தலைப் பாருங்கோ," என்றாள்.

சாலைக் கூடத்தில் ஆறு, அறைகளில் ஐந்து. கண்ணாடித் துண்டின் முனையை நிலைக்கும் கதவுக்கும் நடுவே இறக்கி, மேலிருந்து கீழே ஒரே இழுவையாகப் புதுப் பெயின்றை வெட்டினாள். வெளியே ஏணியில் நின்று பஞ்சலிங்கம் இழுத்தார். 'டப்' என்று ஒவ்வொன்றாக விட்டது. பதினொன்றும் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தவமலர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். குணலட்சுமி அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாள் காலை தாலி கட்டி அரைமணி நேரமாகவில்லை, பொம்மர் வந்தது. குண்டு கோப்பாய்ப் பக்கம் வயல்வெளியில் விழுந்ததாம். கலியாண வீட்டுச் சுவர் குலுங்கியது, யன்னல் கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொண்டன. ஒரு கண்ணாடி மூலையில் வெடித்தது. கீழே கொட்டவில்லை. சனம் நிலத்தில் குப்புறக் கிடந்து, எழும்பி, சேலையைத் தட்டிக்கொண்டு மறுபடி பந்திக்கு இருந்தது. குணலட்சுமியின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் பஞ்சலிங்கம் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பின்னேரம் கோயிலுக்குப் போகவேண்டிய பொம்பிளை மாப்பிளை கார், பெற்றோல் கிடைக்காமல் ஊற்றிய மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு, அவள் படலையில் வந்து நின்றது. தவமலர் கூறைச் சேலையோடு மாப்பிளையுடன் இறங்கினாள். "சித்தி, கும்பிடப்போறம். திருநூறு பூசிவிடுங்கோ."

"கோயிலுக்குப் போக முதலே? கொப்பர் அறிஞ்சால்..."

"அவர் காருக்குள்ளை முன் சீற்றிலைதான் இருக்கிறார்."

குணலட்சுமி எட்டிப் பார்த்தாள். அருளம்பலம் கண்ணாடிக்கூடாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திருநீறு எடுத்துவந்து இருவருக்கும் பூசினாள்.  நெற்றி எந்தத் தூரத்தில் இருக்கிறது என்பது அன்று பிழையாய்ப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாரியில், விடிந்தும் விடியாத ஒரு நேரம், அருளம்பலம் குடையோடு படலையில் நின்றார். "குசினி யன்னல் இறுகிப்போச்சு," என்றார்.

"ஆரைத் தேடி வந்தனீங்கள்?"

"உன்னைத்தான்."

"விடியக் காலமை என்ரை முகத்திலை முழிச்சுப்போட்டியளே, பெரியத்தான்?"

அவர் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "முழிச்சிட்டன். வா," என்றார். அவள் உடனே போகவில்லை. தேத்தண்ணி வைத்து, அவரையும் இருத்திக் குடிக்கவைத்து, பிறகுதான் பையை எடுத்தாள்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடிவில், இராணுவம் முன்னேற, வலிகாமப் பகுதி முழுதுமே ஊரைவிட்டு வெளிக்கிட்டது. செல் குண்டு விழ விழ, மழைக்குள், லட்சக்கணக்கான சனம் ஒரு றோட்டில். பஞ்சலிங்கமும் அவளும் ஒரு சைக்கிளோடு நடந்து மூன்றாம் நாள் மீசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். மக்டலீன் குடும்பம் நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் பிரிந்துபோய்விட்டது. பிறகு அவளைப்பற்றி ஒரு தகவலும் இல்லை.

மீசாலையில் முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் சோமசேகரம், ஓய்வுபெற்ற தபால் அதிபர். மூன்று அறைக்குள் நாற்பத்திரண்டு பேர். ஈரச் சேலை, பிள்ளைகளின் இருமல், மூச்சு விட இடமில்லை. விடிந்ததும் குணலட்சுமி எழும்பி, படுத்திருந்தவர்களுக்கு மேலால் கால் வைத்துப் போய், யன்னலைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை.

"ஐயா, இது எவ்வளவு காலமாய் இப்பிடி?"

சோமசேகரமும் இரவு முழுதும் கண்மூடாத மனிசன். எரிச்சலோடு சொன்னார்: "அது பதினைஞ்சு வருசமாய் இறுகின யன்னல். இருக்க இடம் தந்திருக்கிறன் அம்மா. இனி யன்னலும் திறக்கவேணுமோ?"

"ஓம், திறக்கவேணும்," என்றாள் குணலட்சுமி. "நாங்கள் வீட்டை விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். மூச்சை விட்டிட்டு வரேல்லை. ஒரு கத்தி இருந்தால் தாங்கோ."

அவளுடைய பை வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் உள்ளே போய்த் தேங்காய் உடைக்கிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். பஞ்சலிங்கம் எழும்பி வெளியே போய், மழைக்குள் யன்னலின் மறுபக்கத்தில் நின்றார்.

"இழுக்கட்டோ?" என்று கேட்டார்.

"பொறுங்கோ," என்று சொல்லிவிட்டு, அவள் விரலால் நிலையின் ஓரத்தை மெல்லத் தடவிக்கொண்டு போனாள்.